தெருவில் தொங்கும் விண்ணப்பம்

போன வாரம் இந்தத் தொடர் முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்றது. இந்த வாரம் தியேட்டர் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வருகிறது. நடைபாதையை மறித்து நிற்கிற ஃப்ளெக்ஸ் பேனரை அண்ணாந்து பார்க்காமல், நேருக்கு நேர் நின்று படிக்கப்போகிறது.

2017 ஏப்ரல் 26. சென்னை ராயப்பேட்டையில் உள்ள அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் வி.கே.சசிகலாவின் படம் போட்ட பேனர்கள் எல்லாம் இறக்கப்பட்டன. நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவர் கட்சியின் பொதுச் செயலாளர் ஆகியிருந்தார். பேனர்கள் இறங்கியபோது சிறையில் இருந்தார். பொதுக்குழு கூடி அவருடைய பதவியைப் பறித்தது செப்டம்பர் 12-ஆம் தேதி. பேனர் அந்தச் சேதியை நாலரை மாதம் முன்பே சொல்லிவிட்டது.

2022 ஜூனில் அதே கட்டடத்தின் பேனரில் ஓ.பன்னீர்செல்வத்தின் முகம் காணாமல் போனது. ஜூலை 11-ஆம் தேதி பொதுக்குழு அவரைக் கட்சியை விட்டே நீக்கியது. தி.மு.க.வும் இதற்கு விலக்கில்லை. 2014 ஜனவரியில் மதுரையில் மு.க.அழகிரியின் ஆதரவாளர்கள் ஒட்டிய போஸ்டர்களால் கோபமடைந்த தலைமை, மதுரை மாநகர் மாவட்ட அமைப்பையே கலைத்தது. அந்த மாதமே அழகிரி தற்காலிகமாக நீக்கப்பட்டார். சுவரில் ஒட்டிய காகிதம் ஒரு மாவட்ட அமைப்பைக் காவு வாங்கியது.

தமிழ்நாட்டு அரசியலை நாளிதழில் படிப்பவர்களைவிட பேனரில் படிப்பவர்கள் முந்திக்கொள்வார்கள். எந்த முகம் பெருத்தது, எந்த முகம் இளைத்தது, எது ஓரத்துக்குப் போனது என்று பார்த்தாலே பாதி அரசியல் புரிந்துவிடும்.

யாருக்காக இந்த முகம்?

வார்டு அளவில் வைக்கப்படும் அரசியல் பேனரை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். உச்சியில் கட்சியின் முன்னோர்கள். தி.மு.க. என்றால் பெரியார், அண்ணா, கலைஞர். அ.தி.மு.க. என்றால் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா. தபால்தலை அளவில் வட்டத்துக்குள் அடக்கம். அதற்குக் கீழே இன்றைய தலைவர், சிரித்தபடி கையசைக்கிறார். அவருக்குப் பக்கத்தில் நாளைய தலைவர். பிறகு அமைச்சர், மாவட்டச் செயலாளர், எம்.எல்.ஏ. கடைசியில் வலது ஓரத்தில், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில், தலை முதல் கால் வரை முழு உருவமாக ஒருவர் நடந்து வருகிறார். சிலர் காதில் செல்போனோடு வருவார்கள். பேனருக்குக் காசு கொடுத்த வட்டச் செயலாளர் அவர்தான். அடிவரிசையில் பாஸ்போர்ட் அளவில் பத்திருபது முகங்கள். அவர்கள் செலவில் பங்கு போட்டவர்கள்.

இந்த வரிசையை அமைக்கிற டிசைனர் பையனுக்கு இருக்கிற அரசியல் அறிவு பல பேராசிரியர்களுக்குக் கிடையாது. ஒன்றியச் செயலாளரின் தலை மாவட்டச் செயலாளரின் தோளைத் தாண்டக் கூடாது. கோஷ்டி மாறியவரின் படத்தை எடுத்தாக வேண்டும். ஒருவரின் பெயருக்கு முன்னால் போட வேண்டிய அடைமொழியை விட்டுவிட்டால், அடித்த பேனரைத் திரும்ப அடிக்க வேண்டும்.

ரோட்டில் போகிறவருக்கு இந்த முகங்களில் பாதி யாரென்றே தெரியாது. பேனரும் அவருக்காக வைக்கப்பட்டதில்லை. படிக்க வேண்டியவர் காரில் வருகிறார். விழா மேடைக்குப் போகும் வழியில், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, தன் படத்துக்குக் கீழே யார் படம் இருக்கிறது என்று அவர் கவனிக்க வேண்டும். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் சீட்டு, பகுதிச் செயலாளர் பதவி, கான்ட்ராக்ட் என்று எது பிரியும்போதும் அந்த முகம் அவர் நினைவுக்கு வர வேண்டும். வட்டச் செயலாளர் தன் மேலிடத்துக்கு எழுதுகிற விண்ணப்பம் அது. அதை எழுத அவர் எடுத்துக்கொண்ட காகிதம் பொதுமக்களின் நடைபாதை. இதைப் புரிந்துகொண்டால் பேனர் ஏன் ஒழியவில்லை என்பதும் புரிந்துவிடும்.

ரசிகன் வேறு, வட்டச் செயலாளர் வேறு

பேனர் என்றதும் சினிமா ரசிகனைத் திட்டுவது நம் ஊரில் வழக்கம். பழக்கம் சினிமாவில் தொடங்கியது உண்மைதான். 1957-ல் 'வணங்காமுடி' வெளியானபோது சென்னை சித்ரா தியேட்டரில் சிவாஜி கணேசனுக்கு 80 அடி உயரக் கட்-அவுட் வைத்தது பழைய ஆட்கள் இன்றும் பேசுகிற சங்கதி. மரச்சட்டமும் துணியும் சாயமுமாக, கட்டம் போட்டு, தூரிகையால் வரைந்த காலம் அது. ஒரு கண்ணை வரையவே ஓர் ஆள் சாரத்தின் மேல் பல மணி நேரம் நிற்க வேண்டும். செலவும் உழைப்பும் அதிகம் என்பதால் படக் கம்பெனிக்கும் பெரிய கட்சிக்கும் மட்டுமே அது கட்டுப்படியானது.

அந்தத் தடையைக் கம்ப்யூட்டர் பிரின்டிங் உடைத்தது. 2000-க்குப் பிறகு பி.வி.சி. பூச்சுப் போட்ட ஷீட்டில், சில மணி நேரத்தில், சதுர அடிக் கணக்கில் முகம் அடித்துத் தருகிற கடைகள் ஊருக்கு ஊர் வந்தன. ஓவியர்கள் வேலை இழந்தார்கள். யார் வேண்டுமானாலும் பத்தடி உயரத்துக்கு வளரலாம் என்ற நிலை வந்தது.

ரசிகர்கள் இதில் எல்லை தாண்டியதை மறுக்க முடியாது. 2019 ஜனவரியில் 'விஸ்வாசம்' வெளியான நாளில் திருக்கோவிலூரில் அஜித் கட்-அவுட் மேல் ஏறிப் பாலாபிஷேகம் செய்தபோது, கட்-அவுட் சரிந்து ரசிகர்கள் காயமடைந்தார்கள். அதே ஆண்டு மே மாதம், 'என்.ஜி.கே.' படத்துக்காகத் திருத்தணியில் சூர்யாவுக்கு 215 அடி உயரக் கட்-அவுட் எழும்பியது. அனுமதி இல்லை என்று படம் வெளியாகும் முன்பே அது இறக்கப்பட்டது. கட்-அவுட்டில் பாலை ஊற்றாதீர்கள் என்று பால் முகவர்கள் சங்கம் கேட்டுக் கேட்டுச் சலித்தது.

ஆனால் ரசிகன் சீட்டுக் காசை எடுத்து கட்-அவுட் வைப்பதால் அவனுக்கு எந்தப் பதவியும் கிடைப்பதில்லை. நடிகர் அவனைப் பார்க்கப்போவதுகூட இல்லை. 2011-ல் அஜித் தன் ரசிகர் மன்றங்களையே கலைத்தார். அதற்குப் பிறகும் அவருடைய படங்களுக்குக் கட்-அவுட் நின்றது. எதையும் எதிர்பாராத அந்த அன்பை ஒழுங்குபடுத்தலாம், பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தலாம். அரசியல் பேனர் வேறு இனம். அது முதலீடு. லாபம் வருகிறவரை அதை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

இரண்டும் கலந்துபோவதும் உண்டு. 1972-ல் எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டு வெளியேற்றப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது, ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்கள்தான் புதுக்கட்சிக்குக் கிளைகளாயின. விஜய்யின் மக்கள் இயக்கத்தினர் 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்றதாக அந்த இயக்கம் சொன்னது. 2024-ல் அது தமிழக வெற்றிக் கழகமானது. அந்த ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி விக்கிரவாண்டி வி.சாலையில் நடந்த முதல் மாநாட்டில் பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலை அம்மாள் ஆகியோரின் கட்-அவுட்களோடு விஜய்யின் கட்-அவுட்டும் நின்றது. கட்சி புதிது. மேடைக்கு முன்னால் நின்ற வழக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது.

திரையிலேயே இதற்குச் சரியான பதில்கள் வந்திருக்கின்றன. சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' 2006-ல் வந்தது. வடிவேலுவின் புலிகேசி, கட்டுமஸ்தான வேறொருவனின் உடம்பில் தன் தலையைப் பொருத்தி ஓவியம் வரையச் சொல்கிறான். ஃபோட்டோஷாப்பில் தொப்பையைக் குறைத்து, தோலை வெளுத்து, பின்னால் சிங்கத்தை நிற்க வைக்கிற இன்றைய பேனரை அந்தக் காட்சி அப்படியே பிடித்துவிட்டது. பா.ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) இன்னும் ஆழமாகப் போனது. வடசென்னைக் குடியிருப்பு ஒன்றின் பெரிய சுவரில் வரைந்த அரசியல் தலைவரின் முகம்தான் அந்தப் படத்தின் மையம். சுவர் யாருக்கு என்று இரு தரப்பு மோதுகிறது. அடிபட்டுச் சாகிறவர்கள் அந்தச் சுவரின் நிழலில் வாழ்கிற இளைஞர்கள்.

எட்டாம் வகுப்புப் பெண்ணின் படம்

அரசியல்வாதி காட்டிய வழியில் வீடுகளும் நடக்கத் தொடங்கிவிட்டன. காதணி விழா, முதல் பிறந்தநாள், கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் காரியம் என்று எல்லாவற்றுக்கும் பேனர். மாப்பிள்ளையின் நண்பர்கள் கூலிங் கிளாஸ் போட்டு வரிசையாக நிற்கும் கல்யாண பேனர் ஊர்ச் சந்தோஷம். மண்டப வாசலில் ஒரு நாள் நின்றுவிட்டுப் போனால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை. செத்தவரின் படத்தை ஊர் எல்லையில் வைப்பதிலும் நியாயம் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அது வழிகாட்டுகிறது.

மஞ்சள் நீராட்டு விழா பேனரை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கிற பெண்ணின் படம், பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாக, பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் பத்தடி உயரத்துக்கு நிற்கிறது. அதைச் சுற்றி மீசை முறுக்கிய மாமன்கள். சாதிப் பட்டத்தோடு தாத்தாவின் பெயர். மறுநாள் அந்தப் பெண் அதே பஸ் ஸ்டாப்பில் நின்று பள்ளிக்கூடம் போக வேண்டும். அவள் உடம்பில் நடந்த மாற்றம் வகுப்புப் பையன்களுக்கும், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், முன்பின் தெரியாத லாரி டிரைவருக்கும் விளம்பரமாகிவிட்டது. இதற்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்பதில்லை. சீர் தூக்கி வந்த மாமனின் பெருமைக்காக ஒரு குழந்தையைத் தெருவில் நிறுத்துகிற இந்தப் பழக்கம் மரபில்லை. அதற்கு வயது ஃப்ளெக்ஸின் வயதுதான். நம் பாட்டிகளின் காலத்தில் குடிசை கட்டி உட்கார வைத்தார்கள். அதிலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை நாற்சந்தியில் தொங்கவிட்டதில்லை.

காற்றின் மேல் வழக்கு

2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக அலங்கார வளைவு அமைத்திருந்தார்கள். பைக்கில் வந்த இளம் மென்பொறியாளர் ஒருவர் அங்கே விபத்தில் இறந்தார். வளைவுக்கு நட்ட கழிதான் காரணம் என்று ஊர் கொதித்தது. அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை அந்தச் சாலையிலேயே பெரிய எழுத்துகளில் பெயின்டால் எழுதினார்கள். பேனர் மனிதர்களுக்கு அந்த நகரம் கொடுத்த பதில் அது.

2019 செப்டம்பர் 12-ஆம் தேதி, சென்னை பள்ளிக்கரணை அருகே, அ.தி.மு.க. பிரமுகர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாலை நடுவே வைத்த பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் சரிந்தது. அவர் நிலைகுலைந்து விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவரும் மென்பொறியாளர். அந்த பேனருக்கு அனுமதி கிடையாது. சாலைகளுக்குப் பூச இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்ற பொருள்பட உயர் நீதிமன்றம் அரசைக் கேட்டது. அ.தி.மு.க.வின் மூத்த தலைவர் பொன்னையனோ, வழக்குப் போடுவதென்றால் காற்றின் மேல்தான் போட வேண்டும் என்கிற ரீதியில் ஒரு பேட்டியில் பேசினார்.

2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் தி.மு.க. பிரமுகர் இல்லக் கல்யாணத்துக்குக் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து இறந்தான். 2023 ஜூன் 1-ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டியில் ராட்சத விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆட்சி மாறியது, கட்சி மாறியது, பலகையின் சொந்தக்காரர் மாறினார். செத்தவர்கள் மட்டும் எப்போதும் ரோட்டில் போனவர்களும் வேலை செய்தவர்களும்தான்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருக்கிறது. டிஜிட்டல் பேனர்களுக்கென்றே 2011-ல் விதிகள் வந்தன. முன்அனுமதி வாங்க வேண்டும், அனுமதி எண்ணையும் அச்சடித்தவரின் பெயரையும் பேனரிலேயே போட வேண்டும். 2017 அக்டோபரில், வீட்டுக்கு முன்னால் வைத்த பேனரை எதிர்த்துச் சென்னைப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் போடவே கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது தெருவில் நிலைக்கவில்லை. 2018 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடி தடை விதித்தது. பள்ளிக்கரணை மரணம் நடந்தது அந்தத் தடை அமலில் இருந்தபோதுதான்.

அதன் பிறகு, அனுமதியில்லாமல் பேனர் வைத்தால் ஓராண்டு சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி எச்சரித்தது. கல்யாணச் செலவில் 5,000 ரூபாய் எந்த மூலைக்கு? அடுத்த மாதமே மாமல்லபுரத்தில் மோடி - ஷி ஜின்பிங் சந்திப்பு. வரவேற்பு பேனர் வைக்க அரசே நீதிமன்றத்துக்குப் போனது. அரசு விதிகளைப் பின்பற்றி வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண் செத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சட்டத்தை நம்பிக் களத்தில் தனியாளாக இறங்கியவர் டிராஃபிக் ராமசாமி. சட்டவிரோத பேனர்களைத் தன் கையாலேயே கிழித்தார். அடி வாங்கினார், கைதானார், திரும்ப வந்து கிழித்தார். 2015-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் ஜெயலலிதாவை எதிர்த்தே போட்டியிட்டார். 2018-ல் அவர் பெயரிலேயே சினிமா வந்தது. அந்த வேடத்தில் நடித்தவர் விஜய்யின் தந்தை எஸ்.ஏ.சந்திரசேகரன். 2021 மே மாதம், 87 வயதில் ராமசாமி காலமானார். ஒரு மாநகராட்சியின் வேலையை எண்பது வயதைத் தாண்டிய மனிதர் செய்ய நேர்ந்தது அந்த மாநகராட்சிக்கு அவமானம்.

உதவிப் பொறியாளருக்கு விதி தெரியாமல் இல்லை. பேனரில் இருப்பது அமைச்சரின் முகம். அதில் கை வைத்தால் மறுநாள் டிரான்ஸ்ஃபர். எந்த அபராதத்தையும்விட வலுவான பாதுகாப்பை அந்த முகம் தருகிறது. மேலிடத்துக்கு விண்ணப்பம் போடுகிறவரே மேலிடத்தின் முகத்தைக் கேடயமாகவும் பிடித்துக்கொள்கிறார்.

ஒரு சொல் போதும்

இதை எது நிறுத்தும் என்பதும் ஒருமுறை கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளிக்கரணை மரணத்துக்குப் பிறகு, பேனர் வைத்தால் அந்த நிகழ்ச்சிக்கே வரமாட்டேன் என்று மு.க.ஸ்டாலின் கட்சிக்காரர்களிடம் சொன்னார். அ.தி.மு.க., பா.ம.க. தலைமைகளும் தடை போட்டன. 'பிகில்' இசை வெளியீட்டு மேடையில் விஜய் அதைப் பற்றிப் பேசினார். சூர்யாவும் ரசிகர்களிடம் பேனர் வேண்டாம் என்றார். அறுபது ஆண்டுச் சட்டம் சாதிக்காததை இந்தச் சில அறிவிப்புகள் சாதித்தன. தெருக்களில் பேனர் வெகுவாகக் குறைந்தது. கொஞ்ச காலம்தான். பிறந்தநாள் வந்தது, தேர்தல் வந்தது, தலைவர்கள் கண்டுகொள்ளவில்லை, பேனர் திரும்ப வந்தது. 2021-ல் விழுப்புரம் சிறுவன் இறந்த பிறகு தி.மு.க. தலைமை மறுபடி எச்சரித்தது. அதுவும் கொஞ்ச காலம்தான்.

ஆகவே கேட்க வேண்டிய இடம் தலைமைதான். ரோட்டை மறித்து பேனர் வைத்தவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் சீட்டு கிடையாது என்று ஒரே ஒரு கட்சி அறிவித்து, ஒரே ஒரு தேர்தலில் அதை நிறைவேற்றிக் காட்டட்டும். அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று தெரிந்தால் வட்டச் செயலாளர் காசைக் கொட்டமாட்டார். மக்கள் கேட்பதற்கும் இடம் இருக்கிறது. கிராமங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தேதிகளில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. இந்த ஆண்டு எங்கள் தெருவில் எத்தனை பேனருக்கு அனுமதி கொடுத்தீர்கள், அனுமதி எண் இல்லாத எத்தனை பேனரை எடுத்தீர்கள், எந்த அச்சகத்தின் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள் என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லலாம். கவுன்சிலரின் முகமே பேனரில் இருந்தால் கேள்வியை அவரிடமே கேட்கலாம். அவர் பதில் சொல்லத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

பேனருக்கு முன்பிருந்தே கட்சிகள் பிடித்துவைத்திருக்கிற இன்னோர் இடம் இருக்கிறது: வீட்டுச் சுவர். வீட்டுக்காரரைக் கேட்காமலேயே வெள்ளையடித்து, கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி, தேர்தலுக்குப் பல மாதம் முன்பே 'முன்பதிவு' செய்துவிடுகிறார்கள். அந்தச் சுவருக்கு வாடகை கேட்கலாமா, அழித்தால் என்ன ஆகும் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)